கைக்கெட்டும் கடலைக் கண்ணாடிப் புட்டியில் காண்பதோ?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் மாணவி)

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் சன்னலை ஒட்டி ஒரு பழைய மர அலமாரி நிற்கின்றது. அதன் மூன்றாம் தட்டின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி. பார்மலின் மஞ்சளித்துப் போயிருக்கின்றது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு புழு, நிறமெல்லாம் கழன்று, ஊறிய விளக்குத்திரி போலச் சுருண்டு கிடக்கின்றது. ஒட்டிய சீட்டில் 'பாலனோகிளாசஸ்' என்ற எழுத்துகளில் பாதி அழிந்துவிட்டது. மீதிப் பாதியைச் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் நாங்கள் எல்லோரும் மனப்பாடத்தால் நிரப்பிக் கொள்கின்றோம்.

எளிய புழு அன்று அது. ஒரு காலத்தில் முதுகுநாணுள்ளவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டு, பிறகு 'அரை முதுகுநாணிகள்' என்று தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்ட உயிர். அதன் இளம் உயிரியைப் பார்த்தவர்கள், நட்சத்திர மீனின் குஞ்சோ என்று மயங்கியதுண்டு. உலகெங்கும் உள்ள விலங்கியல் மாணவர்கள் படம் வரைந்து படிக்கும் அந்த உயிரினத்தின் புகழ்பெற்ற வீடுகளுள் ஒன்று எது தெரியுமா? குருசடைத் தீவு. பாம்பனுக்குத் தெற்கே, கரையில் நின்றாலே கண்ணுக்குத் தெரியும் தீவு. நம் கல்லூரி வாசலில் பேருந்து ஏறினால், தேநீர் குடிக்க இறங்கினாலும்கூட, ஒரு முற்பகலுக்குள் அதன் எதிர்க்கரைக்குப் போய்விடலாம்.

நான் போன ஆண்டு கல்விச் சுற்றுலாவுக்குக் கொடைக்கானல் போனேன். குறையாகச் சொல்லவில்லை. குளிர் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மீனவக் குடியில் பிறந்த நான், வத்தையில் ஏறிப் பழகிய நான், ஏரியில் படகு விடக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினேன் என்பதை வீட்டில் சொன்னபோது அம்மாச்சி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கின்றது. அன்றிலிருந்து என்னை உறுத்தும் ஒரு கருத்தைத்தான் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் தோழர் தோழியர் முன்னும் வைக்கத் துணிகின்றேன்.

குருசடைக்கு வந்து போனவர்களின் வரிசை பெரிது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1880களின் பிற்பகுதியிலேயே இராமேசுவரத்துக் கடலுயிர்களைத் தேடி வந்தார். (தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவரும் இவரே. மீனை அளந்த கையாலேயே மனிதரின் மூக்கையும் அளந்தவர்!) பின்னர் அதே அருங்காட்சியகத்தின் கிரேவ்லி என்பவர் குருசடையின் கரையோர உயிர்களைப் பற்றி 1927இல் ஒரு நூலையே வெளிக்கொணர்ந்தார். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1971இல் அதன் தலைமையிடம் கொச்சிக்கு மாறும்வரை அது இருந்த இடம் நம் மண்டபம். வெளிநாட்டவரும் வெளிமாநிலத்தவரும் கடல் கடந்தும் மலை கடந்தும் தேடி வந்த இடம் இது. நாம்தான் வரவில்லை. நமக்குப் புட்டி போதும் என்று இருந்துவிட்டோம்.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை, கரைக்குச் சில கல் தொலைவில், ஓர் அறுந்த பாசிமணி மாலை போல இத்தீவுகள் கிடக்கின்றன. ஏட்டுக் கணக்கில் 21. தூத்துக்குடிப் பக்கம் நான்கு, வேம்பாற்றுப் பக்கம் மூன்று, கீழக்கரைப் பக்கம் ஏழு, மண்டபத்துப் பக்கம் ஏழு. நம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் இவற்றுள் ஐந்தின் பெயரைச் சொல்வார்கள் என்று ஒருநாள் இடைவேளையில் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் சொன்னார்கள். மூவரும் கடற்கரை ஊர்க்காரர்கள். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் நீளத்தைக் கேட்டபோது பாதி வகுப்பு கை தூக்கியது.

பெயர்களிலேயே பாடம் இருக்கின்றது, நண்பர்களே. நல்லதண்ணித் தீவு என்று ஒன்று. உப்புத்தண்ணித் தீவு என்று அதன் பக்கத்திலேயே இன்னொன்று. கடலில் காற்றடித்து ஒதுங்கியவன் எந்தத் தீவில் ஊற்றுத் தோண்டலாம், எதில் தோண்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டிப் பலகை உண்டா? ஆனைப்பார் என்பதில் வரும் 'பார்' கடலடிப் பாறைத்திட்டு. காரைச்சல்லி, விலாங்குசல்லி, புலுவினிச்சல்லி என்பவற்றில் வரும் 'சல்லி' உடைந்த பவளத்துண்டு. பாம்பனருகே 'சிங்கிள்' என்றொரு தீவு உண்டு. தனியாக நிற்பதால் அந்தப் பெயர் என்றுதான் நான் பத்தாம் வகுப்புவரை எண்ணியிருந்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கும் கரையில் குவிந்த சல்லி என்றுதான் பொருளாம். வெள்ளைக்காரரும் எங்கள் பாட்டன்மாரும் வேறு வேறு மொழியில் ஒன்றையே பார்த்திருக்கிறார்கள்: இத்தீவுகள் பவளம் உடைந்து குவிந்து ஆனவை.

இந்த ஒரு செய்தியை மட்டும் சற்று நின்று விளக்க வேண்டும். மற்றவை எல்லாம் இதில் அடங்கும். பவளம் பாறையன்று. கடுகளவும் நெல்லளவும் உள்ள உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. அதற்கு வாடகையாக இருக்க இடம் பெறுகின்றன. இவ்வாறு வளரும் திட்டு தீவைச் சுற்றி அரண் போல நின்று அலையை உடைக்கின்றது. உடைந்த சல்லியும் அரைந்த மணலும் உள்ளே ஒதுங்கித் தீவை வளர்க்கின்றன. ஆகவே பார் இருந்தால் தீவு இருக்கும். பாரைப் பெயர்த்தால், அலை நேரே வந்து தீவைத் தின்னும்.

தின்றிருக்கின்றது. 21 என்பது ஏட்டுக் கணக்கு என்றேன். தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில் உள்ளன. மரம் நின்ற, மீனவர் இளைப்பாறிய நிலம், இன்று படகு மேலே ஓடும் இடம். வான் தீவும் அந்த வழியிலேதான் போய்க்கொண்டிருந்தது. 2015 தொடங்கி அதைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கிய பிறகே அரிப்புக்கு ஓரளவு அணை விழுந்தது. காரைச்சல்லியும் தேய்ந்துகொண்டே வருகின்றது.

காரணம் கடல்மட்டம் உயர்வது மட்டும் என்று சொல்லித் தப்பிக்க என் மனம் இடம் தரவில்லை. 1960களிலும் 1970களிலும் இந்தப் பார்களைக் கடப்பாறையால் பெயர்த்து வத்தை வத்தையாகக் கரையேற்றினார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்கு, தொழிற்சாலைக்கு, வீடு கட்ட. பெயர்த்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். நாங்கள் இன்று குடியிருக்கும் வீட்டின் பின்சுவர் பவளக்கல் சுவர். சிறுமியாக இருந்தபோது அதிலுள்ள பூப்போன்ற வரிகளை விரலால் தடவி விளையாடியிருக்கிறேன். முதலாண்டில் பவளத்தின் உடலமைப்பைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன அன்று அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. தாத்தாவிடம் கேட்டேன். "கல்லுன்னுதானே நெனச்சோம் தாயி. அது உசுருன்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். சொல்ல வேண்டியவர்கள் மண்டபத்திலேயே இருந்தார்கள். தாத்தா காளவாயில் இருந்தார். இடையில் பத்துக் கல் தொலைவுகூட இல்லை.

சட்டம் வந்தது. 1986இல் இத்தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் பவளமும் கடலட்டையும் வேங்கைக்கும் யானைக்கும் உரிய முதல் அட்டவணையில் சேர்ந்தன. இதை நான் முழு மனத்தோடு வரவேற்கின்றேன். சட்டம் வராதிருந்தால் மூழ்கியவை இரண்டோடு நின்றிருக்கா. 117 வகைப் பவளங்கள் இங்கே கணக்கிடப்பட்டுள்ளன. கடற்புல் மேயும் ஆவுளியா, அதாவது நம் பாடநூலின் கடற்பசு, இன்றும் இக்கடலில் மூச்சு விட மேலே வருகின்றது. கடப்பாறை தொடர்ந்திருந்தால் இவற்றையும் புட்டியில்தான் பார்த்திருப்போம். ஆவுளியாவுக்குப் புட்டியும் போதாது!

ஆயினும் சட்டத்துக்குக் கடப்பாறை ஏந்திய கையும் பாசி பறிக்கும் கையும் ஒன்றாகவே தெரிகின்றன. என் அம்மாவின் கை பாசி பறிக்கும் கை.

இதுவரை வகுப்பில் நான் இதைச் சொன்னதில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'தாய் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அது பொய். அம்மா பத்து வயதிலிருந்து கடலில் குதித்தவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, காலில் தகட்டைத் துடுப்பாகக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிப் பாரிலிருந்து பாசி பறிப்பார். எங்கள் கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் தொழில். விடுமுறைகளில் நானும் முங்கியிருக்கிறேன். பாரில் கை கிழிந்து உப்பு ஏறிய எரிச்சலுக்கு எந்தப் பாடநூலிலும் பெயர் இல்லை.

அவர்கள் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி என்ன ஆகின்றது? அதிலிருந்துதான் அகர் எடுக்கின்றார்கள். நோன்பு நாள்களில் கீழக்கரைத் தோழியர் வீட்டில் தரும் 'கடல்பாசி' இனிப்பு அந்த அகர்தான். சென்ற பருவத்தில் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில் வட்டத் தட்டில் ஊற்றி ஆறவைத்து, பாக்டீரியா வளர்த்தோமே, அந்தக் கட்டித்தயிர் போன்ற பொருளும் அகர்தான். புட்டியின் மேல் நிறுமத்தின் பெயர் அச்சாகியிருந்தது. விலையைப் பார்த்து, சிந்திவிடாதீர்கள் என்று எங்களை எச்சரித்தார்கள். அம்மா ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு வாங்கும் காசை நினைத்துக்கொண்டே நான் அதை ஊற்றினேன். கை நடுங்கியதற்கு விலை மட்டும் காரணம் அன்று.

தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் 1986இல் வந்தாலும் அதன் பிடி எங்கள் கரையில் இறுகியது 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு. அம்மா இப்போது தீவுப் பக்கம் போவதில்லை. கரையோரத்தில் கிடைத்ததைப் பறித்து வருகின்றார். அதில் பாதி நாள் கட்டைக்கோரைதான் கிடைக்கும். அவருடைய வருவாய் குறைந்ததை எழுதி இரக்கம் தேட நான் விரும்பவில்லை. வேறொன்றைச் சொல்ல விரும்புகின்றேன். இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். உலோகச் சுரண்டி கூடாது, கையால் மட்டும். வேரோடு பிடுங்கக் கூடாது. விசைப்படகுத் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு. அமாவாசை பௌர்ணமியில் நீர் நன்றாக வற்றும், பார் தெரியும், காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கலாம். மற்ற நாள்கள் பாசி தழைக்க. இதை எந்த ஆய்வரங்கும் அவர்களுக்கு வகுத்துத் தரவில்லை. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த இலட்சுமி அவர்கள் இப்பெண்களைத் திரட்டி இந்த ஒழுங்குக்காகவும் உரிமைக்காகவும் நின்றவர். 2015இல் அமெரிக்கா சென்று சீகாலஜி என்னும் தீவுப் பாதுகாப்பு அமைப்பின் பரிசைப் பெற்று வந்தார். கலிபோர்னியாவில் அவர் பெயர் தெரியும். நம் கல்லூரியில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுப்பு உண்டு என்பதை நான் அறிவேன். "ஆயிரக்கணக்கான பேர் பாரின் மேல் நடந்தால் பவளம் மிதிபடாதா? இன்று பாசி என்பார்கள், நாளை அட்டை என்பார்கள்" என்று கேட்பர். முதற் கேள்வி நியாயமானது. மிதிபடும். நானே மிதித்திருக்கிறேன், காலடியில் மான்கொம்புப் பவளம் முறியும் ஓசையை நீருக்குள் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது, அதுவும் கல் என்றே நினைத்தேன். எனவே கதவை அகலத் திறந்துவிடுங்கள் என்று நான் வாதாடவில்லை. சில தீவுகள் யாரும் மிதிக்காத தீவுகளாகவே இருக்கட்டும். மற்ற சிலவற்றில், எந்தப் பாரில், எந்த நாளில், எத்தனை பேர் என்று வரையறுத்து, பெயர் பதிந்து, அட்டை கொடுத்து, இப்பெண்களை விடலாகாதா என்பதே என் கேள்வி. கடலை நாள்தோறும் பார்க்கும் இரண்டு கண் உள்ளவரை வெளியே நிறுத்திவிட்டு, வேலிக்கு ஆள் போதவில்லை என்று வருந்துவது என்ன முறை?

கடலைப் பாராமல் செய்த மருத்துவம் எப்படி முடிந்தது என்பதற்குக் குருசடையே சாட்சி. இயற்கைப் பாசியைப் பறிக்காதீர்கள், மிதவையில் பாசி வளர்த்துப் பிழையுங்கள் என்று சொல்லி, 'கப்பாபைகஸ்' என்னும் அயல்நாட்டுப் பாசியைக் கொண்டுவந்தார்கள். பிலிப்பைன்சுக் கடல்களில் பிறந்தது. எங்கள் பெண்களும் வளர்த்தார்கள். சில ஆண்டுகள் காசும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது மிதவையில் நிற்கவில்லை. துண்டாகி ஓடிக் குருசடையின் பவளத்தின் மேல் போர்வை போலப் படர்ந்து மூச்சை அடைத்ததை 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பவளத்தைக் காக்க வந்த பாசி பவளத்தையே மூடியது! பாரின் மேல் படர்ந்ததைப் பின்பு கையால் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. கடல்நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தன்னுள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடும், நிறமிழந்து வெளுக்கும், வெப்பம் தணியாவிட்டால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இவ்வாறு பெரும் வெளுப்பு நேர்ந்தது. 2016 கோடையில் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அம்மா ஒருநாள் ஈரச்சேலையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "பாரெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு, ஆத்தா. நல்லதுக்கில்ல" என்று அம்மாச்சியிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஆய்வாளர்கள் நீரில் இறங்கிச் சட்டகம் வைத்து அளந்தார்கள்; அந்த அளவை இன்றியமையாதது. ஆனால் அம்மா போன்றவர்களிடம் ஒரு நோட்டும், அதை எழுதி அனுப்ப ஒரு பிள்ளையும் இருந்திருந்தால், எந்தப் பார் எந்த நாளில் வெளுக்கத் தொடங்கிற்று என்பதுகூடக் கிடைத்திருக்கும். அந்தப் பிள்ளை அப்போது ஐந்தாம் வகுப்பு. இப்போது விலங்கியல் இரண்டாமாண்டு. என்னைப் போல் இந்தக் கல்லூரியில் கடற்கரை ஊர்களிலிருந்து வந்து, வீட்டில் முதன்முதல் பட்டம் வாங்கப் போகிறவர்கள் குறைவில்லை. நாம் ஊருக்குப் போனால் கடலைப் பற்றி யாரும் நம்மைக் கேட்பதில்லை. நாமும் அவர்களைக் கேட்பதில்லை. படித்த பிள்ளை கடல் பக்கம் போகக் கூடாது என்பதே எங்கள் வீடுகளின் பெருமை. அந்தப் பெருமையில் ஏதோ ஒன்று கைநழுவிப் போகின்றது என்பது எனக்குப் போன மாதம்தான் உறைத்தது.

செய்முறைப் பதிவேட்டில் பாலனோகிளாசஸ் படத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். துதிக்கை, கழுத்துப்பட்டை, உடல் என்று மூன்று பகுதி. அம்மா பாசியை உலர்த்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது மணலுக்குள்ள இருக்கிற மருந்துப் புழுவுல்ல?"

"மருந்துப் புழுவா? எதுக்கும்மா மருந்து?"

"மருந்துக்கு இல்லடி. தொட்டா கையில ஆசுபத்திரி வாடை அடிக்கும். ரெண்டு நாளைக்குப் போகாது. மண்ணைத் தின்னு சுருட்டிச் சுருட்டிப் போட்டிருக்கும் பாரு, நூல்கண்டு மாதிரி. அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

பாடநூலைப் புரட்டினேன். 'இவ்வுயிரி அயடோபார்ம் போன்ற நெடி உடையது' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை தேர்வில் எழுதியிருக்கிறேன். அயடோபார்மின் நெடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நம் புட்டியிலிருந்து பார்மலின் நெடி மட்டுமே வருகின்றது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அந்த நெடியும் தெரியும், அந்த உயிரி மண்ணைத் தின்று வாழ்வதும் தெரியும், அதன் எச்சம் சுருளாகக் கிடப்பதும் தெரியும். தெரியாதது அதன் இலத்தீன் பெயர் ஒன்றுதான். அதை நான் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பேரு வச்சிருக்கான்" என்று சிரித்தார்.

அன்றிரவு ஒரு நீள நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். ஒரு பக்கம் எங்கள் ஊர்ப் பெயர். மறுபக்கம் அறிவியல் பெயர். நடுவில், எங்கே, எந்த மாதத்தில், எந்தக் காற்றில் காணப்படும் என்று. அம்மாவும் அம்மாச்சியும் சின்னம்மாவும் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வாரத்தில் 64 பெயர்கள் ஆயின. அவற்றுள் 40க்குத்தான் என்னால் அறிவியல் பெயர் எழுத முடிந்தது. மீதி 24 இடம் காலியாக இருக்கின்றது. நம் துறைப் பேராசிரியர் ஒருவர் அதில் ஆறு இடத்தை நிரப்பிக் கொடுத்தார். இரண்டு இடத்தில் கேள்விக்குறி போட்டு, 'மாதிரியைப் பார்க்காமல் சொல்ல இயலாது' என்று எழுதினார். அந்தக் கேள்விக்குறிகள் எனக்கு மதிப்பெண்ணைவிட மகிழ்ச்சி தந்தன.

துறைத் தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு மலையை விடுத்து, உரிய அனுமதி பெற்றுக் குருசடைக்கு ஒரு நாள் போக வேண்டும் என்பது விண்ணப்பம். பாம்பனருகே குந்துகால் கரையில் படகு ஏற வேண்டும். 1897இல் சிகாகோவின் புகழோடு விவேகானந்தர் வந்து இறங்கிய அதே கரை. நீர் வற்றும் நேரம் பார்த்து நாள் குறிக்க வேண்டும். அதற்கு நாள்காட்டி என் அம்மாவிடம் உண்டு. எதையும் எடுத்து வரப் போவதில்லை. பார்ப்பது, எழுதுவது, மணலில் நூல்கண்டு தேடுவது, அவ்வளவே. வழிகாட்டியாகப் பாசி எடுக்கும் பெண்கள் இருவரை அழைத்துச் செல்லவும், ஒரு நாள் கூலியை அவர்களுக்குத் தரவும் அனுமதி கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.

நோட்டு இப்போது துறை நூலகத்தில், சன்னலோர மேசையில் இருக்கின்றது. தொண்டியிலோ, ஏர்வாடியிலோ, வாலிநோக்கத்திலோ, வேறெந்தக் கரையிலோ உங்கள் வீட்டில் ஒன்றுக்கு வேறு பெயர் வழங்கினால், எங்கள் பெயரை அடிக்காமல் பக்கத்திலேயே எழுதுங்கள். யார் சொன்னது, என்ன உறவு என்பதையும் எழுதுங்கள். பேனா நூலில் கட்டித் தொங்குகின்றது. எடுத்துச் சென்றுவிட வேண்டா.